ஏன்னு எழுதிக் கொடுங்க

(திண்டிவனத்தில் நடந்த கூட்டமைப்பு ஆண்டு விழாவில் உறுப்பினர் ஒருவர் பேசியது)



நான் பெரிய பேச்சாளர் இல்லைங்க. பத்தாவது வரைக்கும்தான் படிச்சேன். அதுக்கப்புறம் கல்யாணம், ரெண்டு பிள்ளைங்க, வீட்டு வேலை, நாலு ஆடு. குழுவில் ரெண்டாவது பிரதிநிதியா இருந்ததால கையெழுத்துப் போடவும், தீர்மான நோட்டு எழுதவும் பழகினேன். தலைவி அம்மா "நீ அந்தக் கடன் விஷயத்தைப் பேசு" என்று சொன்னதும் எனக்குக் கொஞ்சம் கூச்சமா இருந்தது. ஏன்னா அதுல தப்புப் பண்ணினவ நான். ஆனாலும் பேசறேன்னு ஒத்துக்கிட்டேன்.

எங்க குழுவில் ஒரு பொண்ணு இருக்காங்க. பேர் சொல்ல வேண்டாம்னு அவங்களே கேட்டுக்கிட்டாங்க. தங்கச்சின்னே சொல்லிக்கிறேன், என்னைவிட ரெண்டு மூணு வயசு சின்னவங்க. கிழக்குக் கடற்கரைச் சாலையில் போனா கீழ்புத்துப்பட்டு வரும், மஞ்சினீஸ்வரர் அய்யனார் கோயிலுக்கு நம்மில் பாதிப் பேர் போயிருப்போம். அந்த ஊர் இலங்கைத் தமிழர் முகாமில்தான் 1992-ல் அவங்க பிறந்தாங்க. அவங்க அம்மா 1990-ல் சண்டை மறுபடி மூண்டப்போ கடல் தாண்டி ராமேஸ்வரம் வந்து, மண்டபத்தில் இருந்துட்டு, அங்கிருந்து இங்க அனுப்பப்பட்டவங்க. தங்கச்சி எங்க ஊர்ப் பையனைக் கட்டிக்கிட்டு வந்தாங்க. அவரு பெயிண்டிங் வேலை. குழுவில் சேர்ந்ததிலிருந்து ஒரு மாசம்கூட சேமிப்பு தவறினது கிடையாது. மழை கொட்டினாலும் பணத்தைப் பிளாஸ்டிக் கவரில் சுத்திக் கொண்டாந்து கொடுப்பாங்க.

அவங்க கறவை மாடு வாங்க நாற்பதாயிரம் கடன் கேட்டாங்க. கேட்ட கூட்டத்துக்கு அவங்களால வர முடியல, சின்னப் பிள்ளைக்குக் காய்ச்சல். அவங்க இல்லாத நேரத்துல ஒரு பேச்சு வந்துச்சி. "முகாம் ஆளுங்க, நாளைக்கே இலங்கைக்குப் போயிட்டா யாரு கட்டறது?" என்று ஒருத்தங்க கேட்டாங்க. கேட்டவங்களும் அதே மாசம் அதே பணத்துக்குக் கடன் கேட்டிருந்தவங்கதான். நாங்க யாரும் அதை யோசிக்கல. நான் நோட்டை எடுத்து ஒரே வரி எழுதினேன்: "கடன் மனு நிராகரிக்கப்பட்டது." காரணம் எழுதல. பத்துப் பேர் கையெழுத்துப் போட்டோம். முத்து முத்தான கையெழுத்துன்னு எல்லாரும் என்னைச் சொல்லுவாங்க, அந்தக் கையெழுத்துலதான் அதை எழுதினேன்.

மறுநாள் தங்கச்சி என் வாசலுக்கு வந்தாங்க. அழுவாங்கன்னு நெனச்சேன். அழல. "அக்கா, தர முடியாதுன்னா பரவால்ல. ஏன்னு எழுதிக் கொடுங்க" என்றாங்க. அவ்வளவுதான். எனக்குக் கோபம் வந்துச்சி. என்னடா இது, கேள்வி கேக்கறாங்களேன்னு. "நோட்டுல இருக்கறதுதான்" என்று சொல்லி அனுப்பிட்டேன். அவங்க நேரா கூட்டமைப்புக்கு மனு எழுதிட்டாங்க.

இப்போ மேடையில இருக்கிற இந்த அம்மாதான் எங்க குழு நோட்டைக் கொண்டுவரச் சொன்னாங்க. மாடு வாங்கலாமா, வாங்கக் கூடாதா, தங்கச்சி கட்டுவாங்களா, மாட்டாங்களா என்று ஒண்ணுமே கேக்கல. "அவங்களைக் கூப்பிட்டுக் கேட்டீங்களா? காரணம் எங்க எழுதியிருக்கு? இலங்கைக்குப் போயிடுவாங்கன்னா, அப்படி அவங்க எப்பவாவது சொன்னாங்களா? அதே பணத்துக்குப் போட்டியா இருந்தவங்க அந்தப் பேச்சுல ஏன் உட்கார்ந்தாங்க?" இவ்வளவுதான் கேட்டாங்க. ஒண்ணுக்கும் எங்ககிட்ட பதில் இல்ல. கடைசியா, "நான் கடன் கொடுங்கன்னு சொல்ல மாட்டேன், அது உங்க குழுவோட வேலை. ஆனா இந்தத் தீர்மானம் செல்லாது. மறுபடி கூடுங்க, அவங்களை உட்கார வச்சி முடிவு பண்ணுங்க" என்றாங்க.

மறுபடி கூடினோம். தங்கச்சி பேசினாங்க. இருபத்தஞ்சாயிரம் கொடுத்தோம், நாற்பது கொடுக்கல. மாடு முதல் வருஷம் எதிர்பார்த்த அளவு கறக்கல, ரெண்டு தவணை தாமதமாச்சி. பிறகு கட்டி முடிச்சாங்க. கதை மாதிரி எல்லாம் நல்லபடியா நடந்ததுன்னு நான் பொய் சொல்ல வரல.

இதை எதுக்கு இவ்வளவு நீளமா சொல்றேன்னா, தலைவி அம்மா செஞ்ச அந்த வேலைக்கு உலகத்துல ஒரு பெரிய பேர் இருக்குதாம். நீதிமுறை மறுஆய்வு. இந்தப் பேரை நான் தெரிஞ்சிக்கிட்டது தங்கச்சியோட அண்ணனாலதான்.

அவங்களுக்கு ஒரு அண்ணன். இலங்கையில் பிறந்து, நாலு வயசுல அம்மா இடுப்புல உட்கார்ந்து இங்க வந்தவர். முகாமிலேயே வளர்ந்தார். 2002-ல் அங்க போர்நிறுத்தம் வந்துச்சி இல்லையா, அதுக்கப்புறம் சொந்தக் காணியைப் பார்க்கணும்னு அப்பாவோட திரும்பிப் போயிட்டார். அம்மாவும் தங்கச்சியும் இங்கேயே. 2009 மே மாசம் முடிஞ்ச அந்தக் கடைசிப் போர்ல அப்பா போயிட்டார். அண்ணன் செட்டிகுளம் மாணிக்கம் பண்ணை முகாமில் முள்வேலிக்குள்ள இருந்தார். லட்சக்கணக்கான சனங்களை அப்படி வச்சிருந்தாங்க, நாம எல்லாம் டிவியில் பார்த்தோம். வெளிய வந்த பிறகும் விசாரணைன்னு கூட்டிட்டுப் போவாங்களாம். தாங்க முடியாம கடல் தாண்டி வேற ஒரு நாட்டுக்குப் போயி, "எனக்குப் பாதுகாப்புக் கொடுங்க" என்று மனு போட்டார். எந்த நாடுன்னு சொல்ல வேண்டாம்னு அவங்க அம்மா கேட்டுக்கிட்டாங்க. வழக்கு இன்னும் முடியல.

ஒரு நாள் ராத்திரி தங்கச்சி போனோட ஓடி வந்தாங்க. மனு நிராகரிப்பு. பதினோரு பக்கம் இங்கிலீஷ். என் பெரியவன் பிளஸ் டூ, அவன் வாசிச்சான், அவனுக்கும் பாதி புரியல. மறுநாள் திண்டிவனம் கோர்ட்டுக்கு ரெண்டு பேரும் போனோம். அங்க சட்ட விழிப்புணர்வு முகாம்ல பார்த்த ஒரு வக்கீலம்மாவைத் தேடிப் பிடிச்சோம். டீக்கடை பெஞ்சுல உட்கார்ந்து பதினோரு பக்கத்தையும் படிச்சாங்க. டீ ஆறிப் போச்சி.

அதிகாரி என்ன எழுதியிருந்தார் தெரியுங்களா? இவர் சொல்றது நம்பும்படி இல்லையாம். முதல் விசாரணையில், தன்னைப் பிடிச்சிக்கிட்டுப் போனது ஜூன் மாசம்னு சொன்னாராம். ரெண்டாவது தடவை ஜூலைன்னாராம். மாத்தி மாத்திப் பேசறதால கதை கட்டறார்னு முடிவு.

இதைக் கேட்டதும் தங்கச்சி அம்மா சொன்னாங்க, "ஆனி உத்தரம் முடிஞ்சு பிடிச்சவங்கள். பிள்ளை ஆனி எண்டுதான் சொல்லியிருப்பான்." நமக்குத் தெரியும், ஆனி மாசம் ஜூன் பாதியில் பிறந்து ஜூலை பாதி வரைக்கும் போகும். முதல் தடவை மொழிபெயர்த்தவர் ஆனின்னா ஜூன்னு போட்டுட்டார். அடுத்த தடவை அண்ணனே கணக்குப் போட்டு ஜூலைன்னு சொல்லியிருக்கார். ரெண்டும் ஒரே மாசம்தாங்க. நம்ம ஊர்க் கிழவி ஒருத்தியைக் கேட்டிருந்தா அரை நிமிஷத்துல சொல்லியிருப்பா.

உடனே நாங்க ஓட ஆரம்பிச்சோம். கோயில்ல கடிதம் வாங்கலாமா, ஊர்க்காரங்க கையெழுத்து வாங்கி அனுப்பலாமா என்று. வக்கீலம்மா எங்களை உட்கார வச்சாங்க. அவங்க சொன்னதை எனக்குப் புரிஞ்ச மாதிரி சொல்றேன்.

இந்த மாதிரி வழக்குல கோர்ட்டு, "இவர் அகதியா இல்லையா" என்று முதல்லேர்ந்து விசாரிக்காது. அதிகாரி எப்படி முடிவெடுத்தார் என்பதைத்தான் பார்க்கும். மனுதாரர் பேச்சைக் கேட்டாரா, காரணம் எழுதினாரா, அந்தக் காரணம் முன்னாடி இருந்த ஆதாரத்தோட பொருந்துதா, சட்டப்படி நடந்தாரா என்று. அதனால அதிகாரி பார்க்காத புதுக் காகிதத்தைக் கோர்ட்டுல கொண்டுபோய்க் குவிச்சா பெரும்பாலும் எடுத்துக்க மாட்டாங்க. அதிகாரி முன்னாடி என்ன இருந்துச்சோ, அதுதான் கணக்கு. ஜெயிச்சாலும் அகதின்னு பட்டம் கிடைக்காது, அந்த முடிவை ரத்து பண்ணி "வேற ஆள் மறுபடி விசாரிக்கட்டும்" என்று திருப்பி அனுப்புவாங்க. எனக்கு அந்த பெஞ்சுல உட்கார்ந்தே உறைச்சிது. எங்க தீர்மான நோட்டுக்கு நடந்ததேதான் இது!

இன்னொண்ணும் சொன்னாங்க. நாள் கணக்கு. நாட்டுக்கு நாடு மாறும். கனடாவில் அங்கேயே எடுத்த முடிவுன்னா, கையில் கிடைச்ச நாள்லேர்ந்து 15 நாளுக்குள்ள கோர்ட்டுக்குப் போகணும். போனாலும் நேரா விசாரணை கிடையாது, முதல்ல "விசாரிக்க அனுமதி கொடுங்க" என்று கேக்கணும். அனுமதி மறுத்துட்டா அதுக்கு மேல அப்பீலும் இல்லையாம். பதினஞ்சு நாள்ங்கிறது நமக்கு ஒரு சீட்டுத் தவணைக்கும் அடுத்ததுக்கும் நடுவுல இருக்கறதுல பாதி. பாஷை தெரியாத ஊர்ல, கையில காசில்லாதவங்க அதுக்குள்ள வக்கீலைப் பிடிச்சி, கட்டைக் காட்டி, மனுப் போடணும். அண்ணனுக்கு அவங்க ஊர்ல எத்தனை நாளோ அத்தனை நாளுக்குள்ள போட்டுட்டார், நல்லவேளை.

அவரோட வக்கீல் அங்க என்ன வாதம் வச்சார் தெரியுங்களா? ஆனியைப் பத்தி நீட்டி முழக்கல. "ஜூன்னு ஒரு தடவையும் ஜூலைன்னு ஒரு தடவையும் சொன்னியே, ஏன்னு இவரைக் கேக்கவே இல்லையே. கேட்டிருந்தா விளக்கியிருப்பாரே" என்றார். விளக்கம் சொல்ல வாய்ப்பே கொடுக்காம பொய்யன்னு எழுதிட்டது நியாயமில்லன்னு கோர்ட்டு ஒத்துக்கிச்சி. திருப்பி அனுப்பிட்டாங்க. தங்கச்சி அதை என்கிட்ட சொன்னப்போ நான் அடுப்புல பாலை வச்சிட்டு நின்னேன். பொங்கி வழிஞ்சது, ரெண்டு பேரும் பார்க்கல.

நேர்ல பேச விடணும்ங்கிற விஷயம் சும்மா வந்ததில்லையாம். கனடாவில் ஒரு காலத்துல அகதி மனுவைக் காகிதத்துல பார்த்தே தள்ளிடுவாங்களாம், ஆளை நேர்ல கேக்காமலேயே. பெரும்பாலும் இந்தியாவிலிருந்து போன சீக்கியர்கள், மொத்தம் 7 பேர் வழக்குப் போட்டு, 1985 ஏப்ரல் 4-ஆம் தேதி அந்த நாட்டு உச்ச நீதிமன்றத்துல தீர்ப்பு வாங்கினாங்க. ஒருத்தர் சொல்றது உண்மையா பொய்யான்னு கேள்வி வந்தா, அவரை உட்கார வச்சிக் கேக்கணும்னு. அந்த ஏப்ரல் 4-ஐ அகதிகள் உரிமை நாள்னு இன்னைக்கும் அங்க நினைவு வச்சிருக்காங்க. நம்ம பஞ்சாப் ஆளுங்க வாங்கின தீர்ப்பு, அடுத்த வருஷங்கள்ல கப்பலேறிப் போன நம்ம தமிழ் ஆளுங்களுக்கு உதவிச்சி.

உங்கள்ல சிலர் ஆஸ்திரேலியாவில் நடந்த அந்தத் தமிழ்க் குடும்பத்தைப் பத்திக் கேள்விப்பட்டிருப்பீங்க. பிலோயிலான்னு ஒரு சின்ன ஊர், நம்ம மரக்காணம் அளவுக்குக்கூட இருக்காது. அப்பாவும் அம்மாவும் இலங்கைத் தமிழர்கள், 2012, 2013-ல் தனித்தனியா படகுல போனவங்க. அங்க கல்யாணம் பண்ணி ரெண்டு பெண் குழந்தைங்க. அப்பா இறைச்சி ஆலையில் வேலை. அவங்க பாதுகாப்பு மனுவைத் தள்ளிட்டாங்க. 2018 மார்ச் 5 விடியக்காலை, விசா முடிஞ்ச மறுநாளே, அதிகாரிங்க வந்து கதவைத் தட்டினாங்க. குழந்தைங்க அப்போ ரெண்டு வயசும் ஒன்பது மாசமும். ரொம்ப தூரம் தள்ளி மெல்போர்ன் தடுப்பு முகாமுக்குக் கொண்டு போயிட்டாங்க. கோர்ட்டு கோர்ட்டா போனாங்க. 2019 மே மாசம் அப்பா அம்மா வழக்கு அங்க இருக்கிற மேல் கோர்ட்டுலயும் முடிஞ்சி போச்சி. தோத்துட்டாங்க.

2019 ஆகஸ்ட் 29 ராத்திரி நாலு பேரையும் விமானத்துல ஏத்திட்டாங்க. விமானம் வானத்துல போயிட்டிருக்கும்போது வக்கீல்ங்க ராத்திரியோட ராத்திரியா ஒரு நீதிபதிக்குப் போன் போட்டு, தடை உத்தரவு வாங்கினாங்க. சின்னக் குழந்தையோட மனு இன்னும் சரியா பார்க்கப்படலன்னு. விமானத்தை டார்வின் நகரத்துல இறக்க வேண்டியதாப் போச்சி. அந்த அம்மா இருந்த நிலையை நெனச்சுப் பாருங்க. நான் பலமுறை நெனச்சிருக்கேன். மடியில ரெண்டு வயசுக் குழந்தை, எங்க இறங்கப் போறோம்னு தெரியாது.

அப்புறம் கிறிஸ்துமஸ் தீவு. பேர் நல்லா இருக்கு, ஆனா தடுப்பு முகாம். ஏறக்குறைய ரெண்டு வருஷம். 2020 ஏப்ரலில் கோர்ட்டு, சின்னக் குழந்தை விஷயத்துல அரசாங்கம் முறைப்படி நடக்கலன்னு தீர்ப்புச் சொல்லிச்சி. குழந்தை தரப்பு பேச வாய்ப்பே கொடுக்காம பரிசீலனை பண்ணிட்டாங்கன்னு. 2021 பிப்ரவரியில் மேல் அமர்வும் அதையே உறுதி பண்ணிச்சி. அந்த ஜூன்ல அந்தக் குழந்தைக்குக் காய்ச்சல் முத்தி, நிமோனியா, ரத்தத்துல கிருமி, பெர்த் நகரத்து ஆஸ்பத்திரிக்கு விமானத்துல தூக்கிட்டுப் போனாங்க. 2022-ல் அங்க ஆட்சி மாறினப்புறம் ஜூன் மாசம் பிலோயிலாவுக்கே திரும்பினாங்க, ஆகஸ்டுல நிரந்தர விசா கிடைச்சது.

நல்லா கவனிங்க. எந்தக் கோர்ட்டும் கடைசி வரைக்கும் "இவங்க அகதிதான், இங்க இருக்கட்டும்" என்று சொல்லவே இல்ல. கோர்ட்டு நேரம் வாங்கிக் கொடுத்துச்சி, அவ்வளவுதான். அந்த நேரத்துல அந்த ஊர்ப் பொம்பளைங்க, ஆம்பளைங்க, நம்ம சாதியும் இல்ல, மொழியும் இல்ல, தெருத்தெருவா கையெழுத்து வாங்கினாங்க. "எங்க ஊர்க்காரங்களை எங்ககிட்ட கொடுங்க" என்று நாலு வருஷம் விடாம கேட்டாங்க. நானோ, என் தெருவுலயே இருக்கற பொண்ணுக்கு மாட்டுக் கடன் தராம ஒரு வரி எழுதினவ.

சரி, நம்ம நாட்டுக்கு வருவோம். இங்க இலங்கைத் தமிழர்களுக்கு அந்த மாதிரி ஒவ்வொருத்தரா மனுப் போட்டு, அகதியா இல்லையான்னு முடிவு பண்ற ஏற்பாடு கிடையாது. 1951-ல் உலக நாடுகள் போட்ட அகதிகள் ஒப்பந்தத்துல இந்தியா கையெழுத்துப் போடல. அரசாங்கம் முகாமில் சேர்த்துக்கிட்டா இருக்கலாம். நம்ம தமிழ்நாட்டுல நூற்றுக்கும் மேற்பட்ட முகாம்கள், சுமார் 58 ஆயிரம் பேர். 2021-ல் மறுவாழ்வு முகாம்னு பேர் மாத்தினாங்க, மாச உதவித்தொகையைக் குடும்பத் தலைவருக்கு 1,500 ரூபாயா உயர்த்தினாங்க, புது வீடுகள் கட்ட ஆரம்பிச்சாங்க. அதெல்லாம் நல்லதுதான். ஆனா "நீ யாரு" என்ற கேள்விக்குப் பதில் மட்டும் முப்பது நாற்பது வருஷமா தொங்குது.

அதனால இங்க கோர்ட்டுக்குப் போறது வேற வழி. ரிட் மனு. அரசியல் சட்டம் 226-ஆவது பிரிவுல உயர் நீதிமன்றத்துக்குப் போகலாம். உயிருக்கும் சுதந்திரத்துக்கும் பாதுகாப்புக் கொடுக்கிற 21-ஆவது பிரிவு, "குடிமகன்" என்று சொல்லல, "எந்த நபரும்" என்று சொல்லுது. வக்கீலம்மா இதை ரெண்டு தடவை அழுத்திச் சொன்னாங்க. 1996 ஜனவரியில் அருணாசலப் பிரதேசத்து சக்மா மக்கள் வழக்குல உச்ச நீதிமன்றம் இதைத்தான் சொல்லிச்சி. அந்த மக்கள் கொடுத்த குடியுரிமை மனுக்களை உள்ளூர் அதிகாரிங்க மேல அனுப்பாமலேயே வச்சிருந்தாங்களாம். அனுப்பு, முடிவு வர்ற வரைக்கும் அவங்களைத் துரத்தாதேன்னு உத்தரவு போட்டாங்க. மனுவை மேல அனுப்பாம பீரோவுல வைக்கிறது நமக்கும் புதுசு இல்லையே!

நம்ம திண்டிவனத்துக்கும் இதுல ஒரு தொடர்பு இருக்கு. 1991-க்குப் பிறகு அகதிகளைத் திருப்பி அனுப்ப ஆரம்பிச்சப்போ, விருப்பப்பட்டுத்தான் போறாங்களா, பயமுறுத்தி அனுப்பறாங்களா என்று கேள்வி வந்தது. திண்டிவனத்துல மருத்துவம் பார்த்த டாக்டர் ராமதாஸும், பழ. நெடுமாறனும் 1992-ல் சென்னை உயர் நீதிமன்றம் போனாங்க. நான் கட்சி பேச வரல, நடந்ததைச் சொல்றேன். போக விருப்பமா இல்லையான்னு ஐ.நா. ஆளுங்க நேர்ல கேட்டுப் பார்க்கட்டும், போக விரும்பாதவங்க முகாமிலேயே இருக்கட்டும்னு கேட்டாங்க. ஐ.நா. அகதிகள் அமைப்பு அந்த வேலையில இறங்கினதால, விருப்பத்தைப் பத்தி நாங்க தனியா ஆராய வேண்டியதில்லன்னு கோர்ட்டு சொல்லிடுச்சி. முழு வெற்றின்னு சொல்ல முடியாது. ஆனா தங்கச்சி அம்மா அந்த நாளைப் பத்திச் சொல்லுவாங்க. ஒருத்தர் எதிர்ல உட்கார்ந்து, "போக விருப்பமா அம்மா?" என்று தமிழ்ல கேட்டாராம். "எத்தினை வருசத்துக்குப் பிறகு என்னை ஒருத்தர் கேட்டவர்" என்பாங்க.

2022 ஆகஸ்டுல மதுரைக் கிளையில் ஒரு தீர்ப்பு. திருச்சி கொட்டப்பட்டு முகாமில் இருக்கிற ஒரு பெண்மணி, 1986-ல் மண்டபம் முகாமில் பிறந்தவங்க, பாஸ்போர்ட் கேட்டாங்க, கொடுக்கல. கோர்ட்டுக்குப் போனாங்க. 1950 ஜனவரி 26-லிருந்து 1987 ஜூலை 1-க்கு முன்னாடி வரை இந்த மண்ணுல பிறந்த யாரும் பிறப்பாலேயே இந்தியக் குடிமக்கள்னு சட்டம் இருக்கு. அதைப் பார்த்துப் பாஸ்போர்ட் கொடுக்கச் சொன்னாங்க. 2024 ஏப்ரலில் அவங்க ஓட்டும் போட்டாங்க. பேப்பர்ல மை வச்ச விரலோட படம் வந்துச்சி. நான் அந்தப் பேப்பரைக் கொண்டுபோய்த் தங்கச்சிகிட்ட காட்டினேன். சந்தோஷப்படுவாங்கன்னு. அவங்க விரல் விட்டு எண்ணினாங்க. "நான் அஞ்சு வருஷம் லேட்டா பொறந்துட்டேன் அக்கா" என்றாங்க. 1987-க்கு அப்புறம் பிறந்தா பெத்தவங்கள்ல ஒருத்தராவது இந்தியரா இருக்கணும். இந்தியரைக் கட்டிக்கிட்டாலும் தானா குடியுரிமை வராது, மனுப் போடணும். அங்க "சட்டவிரோதமா வந்தவர்" என்ற சொல் குறுக்க நிக்குது. இங்கேயே பிறந்த பொண்ணு எப்படிங்க வந்தவங்க ஆவாங்க?

எல்லாத் தீர்ப்பும் நமக்கு இனிக்கிற மாதிரி வராது. 2025 மே 19-ல் உச்ச நீதிமன்றத்துல ஒரு இலங்கைத் தமிழர், ஒரு வழக்குல தண்டனை முடிச்சவர், என்னைத் திருப்பி அனுப்பாதீங்க, அங்க உயிருக்கு ஆபத்து, மனைவி மக்கள் இங்கதான்னு கேட்டார். நூற்று நாற்பது கோடி பேரை வச்சிக்கிட்டே நாங்க திணர்றோம், இது தர்மசாலை இல்லன்னு நீதிபதிகள் சொல்லி மறுத்துட்டாங்க. அன்னைக்கு முகாம்ல ஒரு வீட்டுலயும் சரியா சோறு இறங்கலன்னு தங்கச்சி சொன்னாங்க. அதே வருஷம் செப்டம்பர்ல, 2015 ஜனவரி 9-க்குள்ள வந்து பதிவு பண்ணியிருக்கிற இலங்கைத் தமிழர்கள் மேல பாஸ்போர்ட், விசா இல்லன்னு தண்டனை நடவடிக்கை கிடையாதுன்னு மத்திய அரசு உத்தரவும் வந்திருக்கு. கொஞ்சம் மூச்சு. குடியுரிமை இல்ல, மூச்சு மட்டும்.

இதுல நம்ம எல்லாருக்கும் ஆகற ஒரு விஷயம் சொல்லிடறேன், மேடம் கடியாரத்தைப் பார்க்கறாங்க. பொம்பளைங்க யாரா இருந்தாலும், வருமானம் எவ்வளவுன்னு பார்க்காம, இலவச சட்ட உதவி உண்டு. விழுப்புரத்துல மாவட்ட சட்டப் பணிகள் ஆணைக்குழு, திண்டிவனம் கோர்ட்டுல வட்ட சட்டப் பணிகள் குழு இருக்கு. 15100 என்ற நம்பருக்குப் போன் பண்ணலாம். போகும்போது நிராகரிச்ச காகிதத்தைக் கொண்டு போங்க. வாயால சொன்னா வாங்கிக்கிட்டு வந்துடாதீங்க, எழுத்துல கேளுங்க. கவர்ல இருக்கிற தபால் முத்திரையைக் கிழிச்சிப் போட்டுடாதீங்க, எந்தத் தேதியில கையில கிடைச்சதுங்கிறதுக்கு அதுதான் சாட்சி. ரேஷன் கார்டு, ஓய்வூதியம், பட்டா எதுவா இருந்தாலும் இதே கதைதான்.

எங்க குழு தீர்மான நோட்டுல இப்போ நான் மூணு வரிக்குக் குறைஞ்சி எழுதறதில்ல. என் கையெழுத்து முன்ன மாதிரி முத்து முத்தா இல்லன்னு கிண்டல் பண்றாங்க. வேகமா நிறைய எழுதறேன் இல்லையா, அதான்.

அண்ணன் விஷயம். போன வாரம் போன் வந்துச்சி. புது அதிகாரி, புது விசாரணை, தேதி கொடுத்துட்டாங்க. இந்தத் தடவை புதுக் காகிதமும் கொடுக்கலாமாம். தங்கச்சி என் வீட்டுக்கு வந்து சுவத்துல மாட்டியிருந்த நாள்காட்டியை எடுத்தாங்க. நம்ம வீட்டுல எல்லாம் இருக்குமே, தமிழ்த் தேதியும் இங்கிலீஷ் தேதியும் ஒரே தாள்ல போட்டது. ஆனி முதல் தேதித் தாளையும், ஆனி கடைசித் தேதித் தாளையும் பக்கத்துல பக்கத்துல வச்சி, என் பெரியவன் போன்ல படம் எடுத்து அனுப்பினான். ஒண்ணுல ஜூன், ஒண்ணுல ஜூலை. "மாசம் கேட்டா எதைச் சொல்லுவ அண்ணா?" என்று தங்கச்சி கேட்டாங்க. "முதல்ல ஆனின்னு சொல்லுவேன், பிறகு ரெண்டையும் சொல்லுவேன். மொழிபெயர்க்கிறவர் எழுதி முடிச்சதும் வாசிச்சுக் காட்டச் சொல்லுவேன்" என்றார்.

விசாரணை அடுத்த மாசம் பன்னெண்டாம் தேதி. அன்னைக்கு எங்க குழுக் கூட்டமும் இருக்கு. கூட்டத்தைச் சாயங்காலத்துக்கு மாத்தி வச்சிருக்கோம், தங்கச்சி போனை விட்டு நகர மாட்டாங்கன்னு.